பர்மிங்காம் பெரியம்மை, 1978: ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடமும் அதைக் கண்காணித்தவர்களும்

1978ஆம் ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஜேனட் பார்க்கர் என்ற புகைப்படக் கலைஞருக்குப் பெரியம்மை கண்டது. செப்டம்பர் 11 அன்று அவர் இறந்தார். பெரியம்மையால் இறந்த கடைசி மனிதர் என்று மருத்துவ வரலாறு அவரைக் குறிக்கிறது. அப்போது ஊரில் எங்கும் அந்த நோய் இல்லை. அவர் வேலை செய்த அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மட்டும் பெரியம்மை வைரஸ் ஆய்வுக்காக வைக்கப்பட்டிருந்தது. அந்த ஆய்வுக்கூடம் மறைவாக நடந்த ஒன்றன்று. அரசின் ஆலோசனைக் குழுவும் உலக சுகாதார நிறுவனமும் நேரில் வந்து பார்த்துச் சென்ற இடம் அது. ஆபத்தான கிருமிகளைக் கையாளும் பல்கலைக்கழகங்களை யார், எப்படிக் கண்காணிப்பது என்ற பேச்சு எழும்போதெல்லாம் பர்மிங்காம் நினைவுகூரப்படுவதற்கு இதுவே காரணம்.

நோய் ஒழிந்த பின் எஞ்சிய குப்பிகள்

இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி சோமாலியாவின் மெர்கா நகரில் மருத்துவமனைச் சமையல்காரராக இருந்த அலி மாவ் மாலின். 1977 அக்டோபர் 26 அன்று அவருக்குக் கொப்புளங்கள் தோன்றின, பின்னர் குணமடைந்தார். தெற்காசியாவில் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1975இல், நோய் நின்றுவிட்டிருந்தது. தமிழகத்தில் அம்மை குத்திய தழும்பு இல்லாத மேற்கை அரிதாக இருந்த தலைமுறை அது. ஊர் ஊராகச் சென்று அம்மை குத்தியவர்களின் பணி முடிவுக்கு வரும் வேளையில், உலக சுகாதார நிறுவனத்தின் கவலை வேறு பக்கம் திரும்பியது. நோய் மனிதரிடம் இல்லை. ஆனால் கண்ணாடிக் குப்பிகளில் இருந்தது. 1976இல் எழுபதுக்கும் மேற்பட்ட ஆய்வுக்கூடங்கள் பெரியம்மை வைரஸைக் கையில் வைத்திருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை அழித்துவிடவோ ஒப்படைத்துவிடவோ செய்து, கடுமையான பாதுகாப்புள்ள சில மையங்களில் மட்டும் வைரஸை நிறுத்துவது என்று நிறுவனம் முடிவு செய்தது.

பர்மிங்காமின் மருத்துவ நுண்ணுயிரியல் துறை அந்தச் சில மையங்களில் ஒன்றாக ஆசைப்பட்டது. துறைத் தலைவர் பேராசிரியர் ஹென்றி பெட்சன் பெரியம்மைக் குடும்ப வைரஸ்களில் மதிக்கப்பட்ட வல்லுநர். அவருடைய தந்தை சாமுவேல் பெட்சனும் புகழ்பெற்ற நுண்ணுயிரியலாளர். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. 1978 முடிவதற்குள் பெரியம்மைப் பணியை நிறுத்திவிட வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. இன்னும் சில மாதங்களே உள்ளன, ஆய்வு பாதியில் நிற்கிறது. பின்னர் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த அவசரத்தை மனத்தில் கொள்வது அவசியம்.

அந்த ஆய்வு அற்பமானதல்ல. ஐரோப்பிய ஆய்வுக்கூடம் ஒன்றில் குரங்கின் சிறுநீரகத் திசுக்களிலிருந்தும், வேறு சில விலங்குகளிலிருந்தும் ‘ஒயிட்பாக்ஸ்’ என்று பெயரிடப்பட்ட வைரஸ்கள் கிடைத்ததாகச் சொல்லப்பட்டது. சோதனைகளில் அவை பெரியம்மை வைரஸைப் போலவே நடந்துகொண்டன. இது உண்மையானால் ஒழிப்புத் திட்டத்தின் அடித்தளமே ஆட்டம் காணும். மனிதரைத் தவிர வேறு எந்த உயிரிலும் பெரியம்மை தங்குவதில்லை என்ற நம்பிக்கையில்தான் அதை ஒழிக்க முடியும் என்று உலகம் இறங்கியிருந்தது. காட்டில் ஒரு குரங்கிடம் அது ஒளிந்திருந்தால் நாளை திரும்பி வரும். பெட்சன் விடை தேடிய கேள்வி இதுதான்.

இதற்கான விடை 1980களின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. குரங்குத் திசுவில் கிடைத்தவை என்று கருதப்பட்ட இரண்டு வைரஸ்களின் மரபுப்பொருளை ஒப்பிட்டபோது, அவை தென்னிந்தியாவிலிருந்து அதே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்டிருந்த பெரியம்மை மாதிரிகளுடன் ஒத்துப்போயின. காட்டில் ஒளிந்திருந்ததாக அஞ்சப்பட்ட வைரஸ், பக்கத்து மேசையிலிருந்து கசிந்து திசுக்குடுவைக்குள் புகுந்தது! ஆய்வுக்கூடக் கசிவு ஒன்றைப் பற்றிய ஐயத்தைத் தீர்க்கும் அவசரத்தில் இன்னொரு ஆய்வுக்கூடத்தில் கசிவு நேர்ந்தது என்பது இந்த வரலாற்றின் கசப்பான பகுதி.

முன்பே வந்த இரண்டு எச்சரிக்கைகள்

1966ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மையப் பகுதியிலும் வேல்சிலும் வீரியம் குறைந்த வகைப் பெரியம்மை பரவியது. எழுபதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், யாரும் இறக்கவில்லை. அந்தப் பரவலின் தொடக்கத்தில் நோயுற்றவர் பர்மிங்காம் மருத்துவக் கல்லூரியில் வேலை செய்த ஒரு மருத்துவப் புகைப்படக் கலைஞர். ஆம், அதே கட்டடம், அதே வேலை. கீழே பெரியம்மை ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அப்போது இந்த இரண்டையும் யாரும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அடுத்த புகைப்படக் கலைஞர் இறந்த பிறகே பழைய ஏடுகள் புரட்டப்பட்டன.

இரண்டாவது எச்சரிக்கை கண்ணெதிரிலேயே வந்தது. 1973இல் லண்டனின் உடல்நல, வெப்பமண்டல மருத்துவக் கல்வி நிறுவனத்தில் ஓர் இளம் உதவியாளர், முட்டைகளில் வளர்த்த பெரியம்மை வைரஸைத் திறந்த மேசையில் பிரித்தெடுப்பதை அருகில் நின்று பார்த்தார். அவருக்கு நோய் தொற்றியது. என்ன நோய் என்று தெரியாமல் மருத்துவமனையின் பொது வார்டில் படுக்க வைத்தார்கள். பக்கத்துப் படுக்கை நோயாளியைப் பார்க்க வந்த இருவருக்குத் தொற்றி இருவரும் இறந்தனர்.

இதையடுத்து விசாரணைக் குழு அமைந்தது. அதன் அறிக்கை 1974இல் வந்தது. மற்றொரு பணிக்குழு ஆபத்தான கிருமிகளைக் கையாளும் விதிகளை வகுத்தது. அதன் பரிந்துரையில் பிறந்ததே ‘ஆபத்தான நோய்க்கிருமிகள் ஆலோசனைக் குழு’. பெரியம்மை போன்ற கொடிய கிருமிகளை வைத்திருக்கும் ஆய்வுக்கூடங்கள் தம்மைப் பற்றி இக்குழுவிடம் தெரிவிக்க வேண்டும். குழுவினர் வந்து பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். பெயரிலேயே இருப்பதுபோல் இது ஆலோசனைக் குழு. பூட்டுப் போடும் அதிகாரம் அதற்கு இல்லை. துறை வல்லுநர்கள் துறை வல்லுநர்களைப் பார்க்கப் போகும் ஏற்பாடு அது. பார்க்கப்படுபவர் நாட்டிலேயே அந்தக் கிருமியை நன்கு அறிந்த சிலரில் ஒருவராக இருந்தால், பார்ப்பவர் எவ்வளவு தூரம் கேள்வி கேட்பார் என்பதை ஊகிக்கலாம்.

பர்மிங்காம் ஆய்வுக்கூடத்தைக் குழு இரண்டு முறை பார்வையிட்டது. இருமுறையும் பணி தொடரலாம் என்றே பரிந்துரைத்தது. 1978 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்களும் வந்தார்கள். கட்டட வசதிகள் தங்கள் தர அளவுக்கு இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். ஆனால் கேட்டுக்கொண்டது நடைமுறையில் சில மாற்றங்களை மட்டுமே. எப்படியும் ஆண்டு முடிவில் மூடப்போகிற இடம் என்ற நினைப்பு இரு பக்கமும் இருந்திருக்கக்கூடும். வேலையின் அளவு 1973 முதல் குறைந்து வருவதாக அவர்களிடம் தெரிவிக்கப்பட்டிருந்தது. உண்மையில் அது கூடியிருந்தது.

1978 ஆகஸ்டு, செப்டம்பர்

ஜேனட் பார்க்கருக்கு அப்போது நாற்பது வயது. உடற்கூற்றியல் துறையில் மருத்துவப் புகைப்படக் கலைஞர். அவருடைய இருட்டறை பெரியம்மை ஆய்வுக்கூடத்துக்கு மேலே இருந்த தளத்தில் இருந்தது. ஆகஸ்டு 11 அன்று தலைவலியும் உடல்வலியுமாகத் தொடங்கி, பின்னர் கொப்புளங்கள் தோன்றின. சின்னம்மை என்றும் மருந்து ஒவ்வாமை என்றும் முதலில் கருதினார்கள். உலகிலிருந்து மறைந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட நோயை ஒரு தெருமுனை மருத்துவர் நினைக்காமல் போனதில் வியப்பில்லை. அவர் பெரியம்மை ஆய்வுக்கூடத்தின் மேல்மாடியில் வேலை செய்கிறார் என்பது யாருடைய குறிப்பிலும் இல்லை.

ஆகஸ்டு 24 அன்று கிழக்கு பர்மிங்காம் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது தொற்றுநோய் மருத்துவர் அலஸ்டேர் கெடஸ் ஐயம் கொண்டார். கொப்புள நீர் நுண்ணோக்கிச் சோதனைக்கு எங்கே போயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த நகரில் பெரியம்மையைக் கண்டறியும் திறன் பெற்றிருந்தது பெட்சனின் துறைதான். மாதிரி அங்கேயே சென்றது. மின்னணு நுண்ணோக்கியில் செங்கல் வடிவத் துகள்கள் தெரிந்தன. தன் ஆய்வுக்கூடத்துக் கிருமியோ என்ற கேள்வி அந்த இரவிலேயே பெட்சன் முன் வந்து நின்றிருக்கும்.

நோயாளி சாலிஹல் அருகே கேத்தரின்-டி-பார்ன்ஸ் என்ற தனிமை மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். அவரோடு பழகிய நூற்றுக்கணக்கானோர் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டனர். ஐந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு அம்மை குத்தப்பட்டது. நெருங்கிப் பழகியவர்கள் தனிமைப்படுத்தப்பட்டனர். மகளைப் பராமரித்த தாய்க்கு இலேசான பெரியம்மை கண்டு குணமாயிற்று. தனிமையில் வைக்கப்பட்டிருந்த தந்தை செப்டம்பர் 5 அன்று இறந்தார். மாரடைப்பாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. தொற்று அச்சத்தால் பிரேதப் பரிசோதனை நடத்தப்படவில்லை. பத்திரிகையாளர்கள் பெட்சனின் வீட்டு வாசலில் கூடினார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, 7ஆம் தேதி மருத்துவமனையில் இறந்தார். அவருக்கு வயது 48. நான்கு நாள் கழித்து ஜேனட் பார்க்கரும் இறந்தார். அக்டோபர் நடுவில் நகரம் பெரியம்மை அற்றதாக அறிவிக்கப்பட்டது.

பெட்சனை வில்லனாகச் சித்திரிப்பது அன்றைய நாளேடுகளுக்கு எளிதாக இருந்தது. வேலையின் அளவைப் பற்றி அவர் சரியான தகவல் தரவில்லை என்பது பதிவான உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் ஆய்வாளர் தம் ஆய்வை முடிக்கத் துடிப்பார், தம் கைத்திறனை நம்புவார் என்பது எவரும் முன்கூட்டியே அறியக்கூடியது. அந்தத் துடிப்புக்கு வெளியே நிற்கும் ஒருவர் தேவை என்பதற்காகத்தான் கண்காணிப்பு என்ற ஒன்றே இருக்கிறது. அந்த ஒருவர் பர்மிங்காமில் பெட்சன் நிரப்பித் தந்த தாள்களை நம்பினார்.

ஷூட்டர் அறிக்கை

அரசு நியமித்த விசாரணைக்குப் பேராசிரியர் ரெஜினால்ட் ஷூட்டர் தலைமை ஏற்றார். நோயாளியிடமிருந்து பிரித்த வைரஸ், ‘அபித்’ என்று பெயரிடப்பட்ட வகையோடு ஒத்திருந்தது. 1970இல் பாகிஸ்தானைச் சேர்ந்த மூன்று வயதுச் சிறுவனிடமிருந்து எடுக்கப்பட்ட வகை அது. ஜூலை 24, 25 தேதிகளில் கீழ்த்தள ஆய்வுக்கூடத்தில் கையாளப்பட்டதும் அதுவே. நோய் வெளிப்படுவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பு. கிருமி எங்கிருந்து வந்தது என்பதில் ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

எப்படி வந்தது? மூன்று வழிகளை அறிக்கை பேசுகிறது: காற்று, ஆள் தொடர்பு, பொருள் தொடர்பு. அறிக்கை சாய்ந்தது காற்றின் பக்கம். குழாய்களும் கம்பிகளும் செல்வதற்காகக் கட்டடத்தில் செங்குத்தாக ஒரு பாதை இருந்தது. கீழே பெரியம்மை அறைப் பக்கம் தொடங்கி மேலே ஒரு சிறு தொலைபேசி அறை வரை அது சென்றது. நிதியாண்டு முடியும் நேரமாதலால், படச்சுருள் முதலிய பொருள்களை வாங்க ஜேனட் பார்க்கர் ஜூலை கடைசியில் அந்த அறையிலிருந்து பலமுறை தொலைபேசியில் பேசியிருந்தார். பாதையின் மூடி இடைவெளி வழியாகக் காற்றில் மிதந்து வந்த கிருமி அவரை எட்டியிருக்கலாம் என்பது ஷூட்டரின் ஊகம்.

அறிக்கையில் இதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொரு சிறு தகவல். ஜேனட் பார்க்கருக்குக் கடைசியாக அம்மை குத்தியது 1966இல். முதல் புகைப்படக் கலைஞரின் நோய் பரவிய ஆண்டு அது. அதன் பிறகு பன்னிரண்டு ஆண்டுகளாக இல்லை. சில ஆண்டுகளுக்கொரு முறை குத்திக்கொள்வது பெரியம்மையோடு வேலை செய்வோரின் வழக்கம். அவர் பெரியம்மையோடு வேலை செய்யவில்லை. அதற்கு மேலே வேலை செய்தார். விதி ஆய்வுக்கூடத்தின் கதவோடு நின்றுவிட்டது. கதவுக்குள் யார் நுழைகிறார்கள் என்று பார்த்தவர்கள், சுவருக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. ஆய்வுக்கூடப் பணியாளர் சிலருக்கே தனிப்பயிற்சி தரப்படவில்லை என்றும் அறிக்கை சொல்கிறது. அப்படியிருக்க, மேல்மாடிக்கு யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்?

அறிக்கை மக்களுக்கு எட்டிய விதமும் ஒரு செய்தி. வழக்கு நிலுவையில் இருந்ததால் அரசு அதை உடனே வெளியிடவில்லை. ஜேனட் பார்க்கர் உறுப்பினராக இருந்த தொழிற்சங்கத்தின் பொதுச் செயலாளர் கிளைவ் ஜென்கின்ஸ் 1979 ஜனவரியில் அதன் பிரதியை வெளியே கொண்டுவந்தார். ஆய்வுக்கூடக் கண்காணிப்பை அதுவரை பேராசிரியர்களும் அமைச்சக அதிகாரிகளும் தமக்குள் பேசிவந்தார்கள். புகைப்படம் எடுப்பவர், கண்ணாடி கழுவுபவர், தரை துடைப்பவர் ஆகியோரின் கேள்வியாக அதை மாற்றியது சங்கம். அறிக்கை அரசால் அச்சிடப்பட்டு வெளிவந்தது 1980இல்.

நீதிமன்றத்தில் நிற்காத குற்றச்சாட்டு

1974ஆம் ஆண்டின் பணியிட உடல்நல, பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பல்கலைக்கழகத்தின்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 1979இன் பிற்பகுதியில் பர்மிங்காம் நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. தரப்பு வாதம் முழுவதும் அந்தச் செங்குத்துப் பாதையைச் சுற்றியே சுழன்றது. நோயைத் தரும் அளவுக்குக் கிருமி அவ்வளவு தூரம் காற்றில் ஏறிச் செல்ல முடியாது என்று பல்கலைக்கழகத் தரப்பு வல்லுநர்கள் வாதிட்டார்கள். பல்கலைக்கழகம் விடுவிக்கப்பட்டது.

காற்றுக் கேள்வியில் இரு பக்கமும் சான்று உண்டு. சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் 1960களில் பிரிட்டிஷ் வல்லுநர் டௌனியும், சென்னையின் பெரியம்மை மருத்துவர் ஏ. ராமச்சந்திர ராவும், அவர்களுடைய குழுவினரும் நோயாளிகளின் படுக்கை அருகே காற்று மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். கடுமையான நோயாளிகளின் பக்கத்திலேயே காற்றில் வைரஸ் அரிதாகத்தான் அகப்பட்டது. ராவ் நடத்திய குடும்ப ஆய்வுகளும் ஒரே வீட்டில் நெருங்கிப் புழங்குவோரிடையே நோய் பரவுவதையே காட்டின. மறுபுறம், 1970இல் மேற்கு ஜெர்மனியின் மெஷெடே நகர மருத்துவமனையில் பாகிஸ்தானிலிருந்து திரும்பிய ஒரு நோயாளி தனியறையில் இருந்தபோதே, அவரை நேரில் காணாத மேல்தளத்தவர் பலருக்கு நோய் தொற்றியது. புகை விட்டுப் பார்த்தபோது அறையிலிருந்து காற்று மேல் தளங்களுக்குச் சென்றது தெரிந்தது. ஆகவே நீதிமன்றத் தீர்ப்பு அறிவியலுக்கு முரணானது என்றோ, ஷூட்டரின் ஊகம் ஆதாரமற்றது என்றோ சொல்லிவிட முடியாது. கிருமி மேல்மாடியை அடைந்த வழி இன்றுவரை உறுதிப்படவில்லை.

வழி தெரியாததால் யாரும் பொறுப்பில்லை என்று ஆயிற்று. சங்கம் தொடர்ந்த உரிமைக் கோரிக்கையின்பேரில் 1981 ஆகஸ்டில் ஜேனட் பார்க்கரின் கணவருக்கு 25,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது.

கேம்பிரிட்ஜ் நகரசபை கேட்ட கேள்விகள்

பர்மிங்காமின் மேல்மாடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அங்கிருந்தவர்களுக்குச் சொல்லப்படாத அதே ஆண்டுகளில், அட்லாண்டிக்கின் மறுகரையில் ஒரு நகரமே பல்கலைக்கழகத்தைக் கூண்டில் ஏற்றி விசாரித்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் மரபணு ஒட்டுச் சோதனைகளுக்காக ஒரு பாதுகாப்பு ஆய்வுக்கூடம் கட்ட 1976இல் திட்டமிட்டது. இடம், எறும்புத் தொல்லை தீராத பழைய உயிரியல் கட்டடம். மூடிய அறையிலிருந்து கிருமி வெளியேறாது என்கிறீர்கள், எறும்பு வெளியேறாதா என்று ஊரார் கேட்டார்கள். ஹார்வர்டின் நோபல் அறிஞர் ஜார்ஜ் வால்ட் போன்றோரே திட்டத்தை எதிர்த்தனர். நகரத் தலைவர் ஆல்பிரட் வெலூச்சி ஜூன் 23 அன்று நகரசபையில் பொது விசாரணை வைத்தார். நடுவண் அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் மரபணு ஒட்டு ஆய்வுக்கான முதல் வழிகாட்டு விதிகளை வெளியிட்டதும் அதே நாள்தான். நகரசபை சோதனைகளைச் சில மாதங்கள் நிறுத்தி வைத்து, குடிமக்கள் குழு ஒன்றை அமைத்தது. எரியெண்ணெய் வணிகர் ஒருவர் தலைவர். செவிலியராக இருந்த கன்னியாஸ்திரீ ஒருவர் உறுப்பினர். மரபணு ஒட்டு ஆய்வில் ஈடுபட்டவர் எவரும் இல்லை. நூறு மணி நேரத்துக்கும் மேல் அமர்ந்து அறிஞர்களை வரவழைத்துக் கேள்வி கேட்டார்கள். இவர்களுக்கு என்ன தெரியும் என்று முகம் சுளித்த அறிஞர்கள் உண்டு. 1977 ஜனவரியில் குழு ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது: ஆய்வு நடக்கலாம், ஆனால் நடுவண் விதிகளுக்கு மேல் இன்னின்ன கூடுதல் பாதுகாப்பு வேண்டும், நகரமே கண்காணிக்கும். பிப்ரவரியில் அது நகரச் சட்டமாயிற்று.

அங்கே விவாதிக்கப்பட்டது அன்றுவரை ஒருவரைக்கூடக் கொல்லாத ஆபத்து. இங்கே இருந்தது பல நூற்றாண்டுகளாகக் கோடிக்கணக்கானோரைக் கொன்ற கிருமி. புதிய அச்சத்துக்குப் பொது விசாரணை கிடைத்தது. பழகிய அச்சத்துக்கு வல்லுநர்களின் ஒரு பிற்பகல் வருகை. கேம்பிரிட்ஜ் வணிகர் ஒருவர் பர்மிங்காமுக்குப் போயிருந்தால் வைரஸின் வகையைப் பற்றி எதுவும் கேட்டிருக்க மாட்டார். இந்தக் குழாய்ப் பாதை எங்கே போகிறது, மேலே யார் இருக்கிறார் என்று கேட்டிருக்கலாம்.

பிறகு வந்த விதிகள்

பிரிட்டனில் ஆலோசனைக் குழுவின் காலம் முடிந்தது. ஆபத்தான நோய்க்கிருமிகளை வைத்திருப்பதைத் தெரிவிப்பது 1981இல் சட்டக் கடமையாயிற்று. அதே ஆண்டில் பழைய குழுவின் இடத்தில் புதிய குழு அமைந்தது. பணியாளர் தரப்பின் குரலுக்கும் அதில் இடம் கிடைத்தது. அமெரிக்க விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டிய உயிரியல் பாதுகாப்புக் குழுவில், அந்நிறுவனத்தோடு தொடர்பில்லாத குறைந்தது இருவர் இருக்க வேண்டும். சுற்றுப்புறச் சமூகத்தின் நலனை அவர்கள் பேச வேண்டும்.

இந்தியாவில் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள், ஆபத்தான நுண்ணுயிரிகளையும் மரபணு மாற்றிய உயிரிகளையும் ஒருசேர உள்ளடக்குகின்றன. அவற்றைக் கையாளும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆய்வு நிறுவனமும் நிறுவன உயிரியல் பாதுகாப்புக் குழுவை அமைக்க வேண்டும். நிறுவனத் தலைவர், மரபணு ஆய்வில் ஈடுபட்ட அறிவியலாளர்கள், ஒரு மருத்துவ வல்லுநர், உயிரித் தொழில்நுட்பத் துறையின் நியமனர் ஆகியோர் அதன் உறுப்பினர்கள். விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியவற்றை முன்கூட்டியே எழுதி மாவட்டக் குழுவுக்குக் கொடுத்து வைக்க வேண்டும் என்பது இவ்விதிகளின் நல்ல கூறு. தெருக்காரருக்கோ, அதே கட்டடத்தில் வேறு வேலை செய்பவருக்கோ குழுவில் இடம் கட்டாயமாக்கப்படவில்லை. மருத்துவ வல்லுநரும் துறை நியமனரும் நிறுவனத்தின் ஆர்வத்துக்கு வெளியே நின்று பேசுகிறார்களா என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அக்குழுவின் தகுதி அமைகிறது.

பெரியம்மை வைரஸைப் பொறுத்தவரை, பர்மிங்காம் நிகழ்வு ஆய்வுக்கூடங்களை விரைந்து ஒப்படைக்கச் செய்தது. 1980 மே 8 அன்று உலக சுகாதாரப் பேரவை நோய் ஒழிந்ததாக அறிவித்தது. தென்னாப்பிரிக்கா தன்னிடமிருந்ததை 1983இல் அழித்தது. அதன்பின் அட்லாண்டா, மாஸ்கோ ஆகிய இரண்டு இடங்களில் மட்டுமே வைரஸ் இருப்பதாகப் பட்டியல் சொன்னது. மாஸ்கோவில் இருந்தவை 1994இல் சைபீரியாவின் கோல்சோவோவுக்கு மாற்றப்பட்டன. இரண்டு இடங்களையும் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் சென்று பார்க்கிறார்கள்.

2014 ஜூலை 1 அன்று வாஷிங்டன் அருகே பெதெஸ்டாவில், தேசிய சுகாதார நிறுவனங்களின் வளாகத்தில் இருந்த ஒரு குளிர் அறையைக் காலி செய்துகொண்டிருந்தவர்கள் ஓர் அட்டைப் பெட்டியைக் கண்டெடுத்தார்கள். பெரியம்மை வைரஸ் என்று பெயர் எழுதிய ஆறு குப்பிகள் அதில் இருந்தன, 1950களில் அடைக்கப்பட்டவை. எந்தப் பட்டியலிலும் அவை இல்லை. சோதித்தபோது இரண்டு குப்பிகளில் வைரஸ் இன்னும் உயிரோடு இருந்தது. 2015 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனத்தின் பார்வையில் அட்லாண்டாவில் அவை அழிக்கப்பட்டன.